1971-இல் பிறந்த ஒரு பைப்பும் நான் பார்த்த சில வாய்களும்

போன வருடம் மழைக்காலத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய மரச்சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு என் பல் கிளினிக் வரவேற்பறைக்கு நாற்காலி பார்க்கப் போனேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவைக் காலி செய்தபோது வந்த சாமான்கள் என்று கடைக்காரர் சொன்னார். தேக்கு பீரோ ஒன்றின் இழுப்பறையை இழுத்தேன். துருப்பிடித்த சாவிக்கொத்து, உடைந்த மூக்குக் கண்ணாடி, அதற்கடியில் ஒரு புகைக்குழல். சுங்கான் என்று தமிழில் பழைய பேர் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் எல்லோரும் பைப் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கிண்ணம் முழுக்கப் பூசணம். வாயில் வைக்கும் தண்டு பாசி பிடித்த மாதிரி பச்சையும் பழுப்புமாக இருந்தது. தண்டின் மேல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்ததால் வாங்கிக்கொண்டேன். "நாற்காலி வாங்குனீங்க, அது சும்மா இருக்கட்டுங்க டாக்டர்" என்று காசு வாங்க மறுத்துவிட்டார் கடைக்காரர். அவர் பேசும்போது வாய் முழுசாகத் திறக்கவில்லை என்பதை அன்றைக்கே கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

அந்த வெள்ளைப் புள்ளி லண்டனில் ஆல்ஃபிரட் டன்ஹில் தொடங்கிய கம்பெனியின் அடையாளம். 1912-லிருந்து தண்டின் மேல்பக்கத்தில் அதைப் பதித்து வருகிறார்கள். ராத்திரி கிளினிக்கில் பல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மரத்தின் அடிப்பக்கம் தேய்ந்த எழுத்துகள் தெரிந்தன: டன்ஹில், ஷெல் பிரையர், மேட் இன் இங்கிலாந்து. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் பொடியாக 11.

அந்த 11-தான் வருடக் குறி. அந்தக் காலத்து டன்ஹில் பைப்பில் இரண்டு இலக்கக் குறி இருந்தால் 1960-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1971. நான் பிறந்த வருடம். ஐம்பது வயதைத் தாண்டினவனுக்குத் தன்னோடு ஒரே வருடத்தில் பிறந்த ஒரு பொருள் கைக்குக் கிடைத்தால் வரும் சந்தோஷத்தை விளக்க முடியாது. பைப் சேகரிப்பவர்கள் தங்கள் பிறந்த வருடத்துப் பைப்பைத் தேடி ஏன் அலைகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்படித் தேடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குறி ஒற்றை இலக்கமாக இருந்தால் அது 50-களா 60-களா என்ற குழப்பம் வரும். எண்ணின் அளவையும் மற்ற முத்திரைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருடம் மரத்துக்குத்தான் உரியது; தண்டை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். மற்ற கம்பெனிகளில் வருடக் குறியே இல்லாத பைப்புகள்தான் அதிகம். ஆனால் இங்கிலாந்தில் முத்திரையிட்ட வெள்ளிப் பூண் இருந்தால் வருடம் அந்தப் பூணிலேயே இருக்கும். நடக்கும் சிங்கம் என்றால் 925 வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து வருடத்தைச் சொல்லும். 1975-லிருந்து அங்குள்ள முத்திரை நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து வரிசை, 1975 என்றால் ஏ. அதற்கு முன்னால் ஊருக்கு ஊர் எழுத்து மாறும். கொலுசு செய்கிற ஊரில் இருக்கிறோம், வெள்ளியைப் பளபளப்பாக்கத் தெரிந்த பட்டறைகளுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் கொடுக்கும்போது முத்திரை மேல் சக்கரம் படக் கூடாது என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இரண்டு சுற்று கூடுதலாக ஓடினால் போதும், பிறந்த வருடம் தேய்ந்து போய்விடும்.

என் பைப்பில் பூண் எதுவும் இல்லை, மரமும் தண்டும்தான். மரம் பிரையர் எனப்படும் மத்தியதரைக் கடலோரப் புதர்ச்செடியின் வேர்க்கிழங்கு. சூட்டைத் தாங்கும் என்பதால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பைப்புக்கு அதையே விரும்பிக் கடைகிறார்கள். ஷெல் என்ற வகையில் மணலைப் பீய்ச்சி மரத்தின் ரேகைகளை மேடு பள்ளமாக எடுத்திருப்பார்கள்.

கிண்ணத்துக்குள் கரி ஒரு நாணயத்தின் கனத்துக்கு மேல் ஏறியிருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு மெல்லச் சுரண்டினேன். கரி ரொம்ப ஏறினால், சூட்டில் அது விரியும்போது மரம் பிளந்துவிடும். மரத்தைத் தண்ணீரில் மட்டும் போடவே கூடாது. அப்புறம் கிண்ணத்தில் கல் உப்பை நிரப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை உப்பு நனையும் அளவுக்கு விட்டு ஒரு ராத்திரி வைத்தேன். வெளிப்பூச்சில் ஆல்கஹால் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். காலையில் வெள்ளை உப்பு காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. தண்டின் துளைக்குள் பல்லிடுக்குத் துலக்கும் சின்னப் பிரஷ்ஷை விட்டு விட்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் தார் மாதிரி கறுப்பாக வந்தது. முப்பத்தெட்டாவது தடவைதான் பிரஷ் சுத்தமாக வந்தது. எண்ணிக்கொண்டே செய்தேன்.

அந்தத் தாரைத்தான் யோசிக்க வேண்டும். துளையில் ஒட்டிக்கொண்டது இவ்வளவு. ஒட்டாமல் போனதெல்லாம் ஒருவருடைய வாய்க்குள்தான் போயிருக்கும்.

தண்டு எபோனைட், அதாவது கெட்டி ரப்பர். பழைய மைப்பேனா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சரக்குதான். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்தால் இப்படி இறுகும்; எடையில் சுமார் 30 சதவீதம் கந்தகம். வெளிச்சமும் ஈரமும் பட்டால் கந்தகம் மேலே வந்து பச்சைப் பழுப்பாகும், நாக்கில் பட்டால் கசக்கும். ஏற்காட்டுப் பனியில் இத்தனை வருடம் கிடந்தால் வேறெப்படி இருக்கும்? பல் மருத்துவர்களுக்கு இது தூரத்துச் சொந்தம். 1850-களிலிருந்து ஏறத்தாழ எண்பது வருடம் உலகம் முழுக்கப் பல்செட்டுகளை இதே கெட்டி ரப்பரில்தான் செய்தார்கள். 1930-களின் கடைசியில் அக்ரிலிக் வந்த பிறகுதான் இது ஒதுங்கியது. படிக்கிற காலத்தில் கல்லூரி அருங்காட்சியகத்தில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

அதனால் பல்செட் மெருகேற்றும் எங்கள் லேப் சக்கரத்திலேயே தண்டையும் வைத்தேன். முதலில் ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாளில், முரடான 400-லிருந்து நைசான 2000 வரை ஈரம் காயாமல் தேய்த்தேன். பிறகு பியூமிஸ் என்ற நுரைக்கல்லின் ஈரத் தூளும் துணிச் சக்கரமும். சூடேறினால் ரப்பர் பொசுங்கி நாறும், ஆகவே வேகத்தைக் குறைத்து, நொடிக்கு நொடி எடுத்துப் பார்த்துச் செய்தேன். வெள்ளைப் புள்ளி மேல் டேப் ஒட்டியிருந்தேன். எழுத்து உள்ள மரப்பகுதியைச் சக்கரத்துப் பக்கமே கொண்டுபோகவில்லை.

தண்டின் நுனியில் கடித்த தடங்கள் இருந்தன. மேலே இரண்டு பள்ளம், கீழே ஒன்று. இந்த ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. இளஞ்சூடு காட்டினால் தன் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும். சூடான காற்றைக் காட்டினேன், இரண்டு பள்ளம் மேலெழுந்து வந்துவிட்டது. மூன்றாவது வரவில்லை. ஆழம் அதிகம். அதை நிரப்பாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

தடத்தைப் பார்த்தால் பைப்பின் சொந்தக்காரர் இடது கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் வேறு வேலை செய்தவராக இருக்க வேண்டும். களிமண் பைப் இருந்த காலத்து ஐரோப்பியக் கல்லறைகளில் எடுத்த மண்டையோடுகளில், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் இடத்தில் வட்டமாக ஓட்டை தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம். ரப்பர் தண்டு அவ்வளவு தேய்க்காது. ஆனால் பல் தேய்வது இதில் சின்ன விஷயம்.

"பைப் புகையை உள்ளே இழுப்பதில்லை டாக்டர், வாயில் வைத்து விட்டுவிடுகிறோம், அதனால் கெடுதல் இல்லை." இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. படித்தவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். பைப் புகையிலையின் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் அதிலுள்ள நிக்கோட்டின் நுரையீரலுக்குப் போகாமலே வாயின் உட்தோல் வழியாக ரத்தத்தில் ஏறும். இழுக்காமலே போதை கிடைப்பது இதனால்தான். புகை வாயிலேயே தங்குவதால் அதிலுள்ள நஞ்சும் வாயிலேயே தங்குகிறது. உதட்டுப் புற்றுக்கும் பைப்புக்கும் தொடர்பு இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என்று பைப்பின் கணக்கில் வைத்திருக்கும் பட்டியல் நீளமானது.

நாலைந்து வருடம் முன்னால் முப்பதுகளில் உள்ள ஒருவர் பல் கூச்சத்துக்காக வந்தார். மேலண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றும்போது தெரியும் தரைதான் ஞாபகம் வந்தது. வெளுத்து, கீறல் கீறலாக வெடித்து, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் வீங்கிப்போன உமிழ்நீர்ச் சுரப்பி வாய்கள். சூடான புகை அண்ணத்தில் மோதிக்கொண்டே இருந்தால் இப்படி ஆகும், பைப் பிடிப்பவர்களிடம்தான் நிறையப் பார்க்கிறோம். அவரும் தன் பிறந்த வருடத்துப் பைப்பை வாங்கிச் சுத்தம் செய்தவர்தான். அழகாக இருக்கிறதே, ஒரு தடவை பற்றவைத்துப் பார்க்கலாம் என்று தொடங்கி, இரண்டு வருடத்தில் தினம் நாலு தடவை என்று ஆகியிருந்தது. இந்த வகை வெளுப்பு பெரும்பாலும் புற்றாக மாறுவதில்லை, விட்டால் போய்விடும் என்று சொன்னேன். விட்டார். ஆறு வாரம் கழித்து அண்ணம் இளஞ்சிவப்பாகத் திரும்பியிருந்தது. கண்ணாடியில் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னொருவருக்கு அப்படி முடியவில்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புண். கூர்மையான பல் குத்துகிறது என்று நினைத்துத் தேன் தடவினார், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டார், பற்பசையை மாற்றினார். வலியே இல்லாததால் ஐந்து மாதம் ஓடிவிட்டது. என்னிடம் வரும்போது கழுத்தில் கட்டி தட்டுப்பட்டது. அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

வாயில் எந்தப் புண்ணும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் காட்டிவிடுங்கள். வலி இல்லாவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு, காரம் பட்டாலே எரிவது, வாய் திறப்பது குறைவது, இவற்றுக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மாதம் ஒருநாள் பல் துலக்கிய கையோடு நல்ல வெளிச்சத்தில் உதட்டை மடித்துப் பாருங்கள். கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கைத் தூக்கினால் தெரியும் அடித்தளம், அண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சதைப் பரிசோதனை என்றால் பயப்படுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுப்போம், அவ்வளவுதான். சதையில் கை வைத்தால் நோய் பரவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணை அழைக்கலாம்.

பைப் சேகரிக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்பட வேண்டாம். தேடுங்கள், வாங்குங்கள், சுரண்டுங்கள், மெழுகு பூசுங்கள். அந்த மரமும் அந்தக் கைவேலையும் அவ்வளவு அருமை. நான் வேண்டாம் என்பது தீக்குச்சியை மட்டும்தான். ஒரே ஒரு தடவை என்று எடுத்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதை நான் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பைப் முடிந்ததும் அதைக் காட்டுவதற்காக அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம்ம பீரோவுல கெடந்ததுங்களா இது!" என்றார். இந்தத் தடவை விடவில்லை.

"அண்ணே, வாயை நல்லாத் திறந்து மூணு விரலை நேரா வெச்சுக் காட்டுங்க."

இரண்டு விரல்தான் போனது, அதுவும் சிரமப்பட்டு. இருபது வருடமாகப் பாக்கும் புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்குகிற பழக்கம். பாக்கினால் கன்னத்துச் சதை நார் நாராக இறுகிப்போகும். அதுவே புற்றுக்கு வழிவிடக்கூடிய நிலை. வெற்றிலைப் பாக்கில் என்ன இருக்கிறது என்று நினைக்கிற ஊர் இது, பைப்பைவிட இதில்தான் நான் அதிகம் பேரை இழந்திருக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்ததால் துணுக்கு எடுத்து அனுப்பினேன். பத்து நாளில் வந்த அறிக்கையில் புற்று இல்லை. பாக்கையும் புகையிலையையும் விட்டு இப்போது ஏழு மாதம். இறுகிய சதை முழுசாகப் பழையபடி ஆகாது, அதை அவரிடம் மறைக்கவில்லை. தினம் காலையும் மாலையும் வாய் திறக்கும் பயிற்சி செய்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். போன தடவை வந்தபோது, இரண்டரை விரல் போகிறது என்று வாசலிலேயே நின்று வைத்துக் காட்டினார்.