அந்தக் குண்டு வெடிக்காமல் போயிருந்தால்?

"இவன் மத்தப் பிள்ளைங்க மாதிரி இல்ல மேடம்."

என் ஆலோசனை அறைக்கு வரும் பெற்றோர் பலர் உட்கார்ந்த ஐந்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுவார்கள். சொல்லும்போது குரல் தாழும். பிள்ளையோ பக்கத்து நாற்காலியிலேயே இருக்கும். காதில் விழாதது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். விழுந்திருக்கிறது என்பது அதன் கால் ஆட்டத்திலேயே தெரியும்.

குழந்தைகள் மனநல ஆலோசகராக நான் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று 2019இல் வந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' அனிமேஷன் படம். முழுப் படத்தையும் போட்டுக் காட்டுவதில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று குடும்பத்தோடு பார்த்துவிட்டுப் பேசுவோம். தன்னைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகூட, அதில் வரும் பையன் பக்ஸ்லியைப் பற்றிக் கேட்டால் பேசும்.

இந்தக் குடும்பத்துக்கு வயது அதிகம். சார்லஸ் ஆடம்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1938இலிருந்து 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் வரைந்த கேலிச்சித்திரங்களில் பிறந்தவர்கள் இவர்கள். 1964இல் தொலைக்காட்சித் தொடராக வந்தார்கள், 1991இல் திரைப்படமாக. இருட்டும் சிலந்தி வலையும்தான் இவர்களுக்கு அழகு. நமக்குத் துக்கமாகத் தெரிவது இவர்களுக்குக் கொண்டாட்டம். இத்தனைக்கும் கணவன் மனைவிக்குள் அப்படி ஒரு காதல், பிள்ளைகள்மேல் அப்படி ஒரு பாசம்!

அனிமேஷன் படம், கல்யாணத்தன்றே ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு வந்து கோமஸையும் மோர்ட்டீஷியாவையும் விரட்டுவதில் தொடங்குகிறது. நியூ ஜெர்சியில் ஒரு குன்றின்மேல் கைவிடப்பட்ட மனநலக் காப்பகத்தில் குடியேறுகிறார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கீழே ஒரு புது நகரம் முளைக்கிறது. எல்லா வீடும் அச்சில் வார்த்தது போல ஒன்றே. ஊருக்குப் பெயர் 'அசிமிலேஷன்'. எல்லோரோடும் கரைந்து ஒன்றாகிவிடு என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்த நகரத்தை உருவாக்கிய மார்கோ நீட்லர் என்ற பெண்மணி, வீடுகளைப் புதுப்பித்துக் காட்டும் டிவி நிகழ்ச்சியின் நட்சத்திரம். தீப்பந்தக் கூட்டத்தைவிட இவரைத்தான் நான் பெற்றோருக்குக் காட்ட விரும்புவேன். இவர் சிரித்துக்கொண்டே வருகிறார். உங்கள் வீட்டை நான் அழகாக்கித் தருகிறேன் என்கிறார். ஒதுக்குவது என்பது பெரும்பாலும் இந்த முகத்தோடுதான் வரும். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், கொஞ்சம் மத்தவங்க மாதிரி இரேன்" என்ற வார்த்தையில் கோபமே இருக்காது. அதனால்தான் பிள்ளையால் அதை எதிர்க்கவும் முடியாது.

இன்னொரு காட்சி. மார்கோவின் மகள் பார்க்கரோடு பழகிய ஆடம்ஸ் வீட்டு மகள் வெட்னஸ்டே, தலையில் இளஞ்சிவப்பு கிளிப்போடு வீட்டுக்கு வருகிறாள். எந்நேரமும் கறுப்பு உடுத்தும் குடும்பம். மோர்ட்டீஷியா ஆடிப்போய்விடுகிறாள். அந்தப் பக்கம் பார்க்கர் கறுப்பு உடையில் போய் நிற்க, மார்கோவும் அதே போல ஆடிப்போகிறாள். இந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். ஊரால் ஒதுக்கப்பட்டவர்கள் வீட்டுக்குள்ளும் 'நம்மைப் போல இரு' என்ற சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கிளிப் எது என்று கேட்பேன். பெரும்பாலும் அப்பா அம்மா யோசிப்பதற்குள் பிள்ளை பதில் சொல்லிவிடும்.

ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் அம்மா சொன்னதை மறக்க முடியாது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) "ஸ்கூல்ல தங்கமா இருக்காளாம். வீட்டுக்கு வந்தாத்தான் பேயாட்டம் ஆடுறா." அவளோடு தனியாகப் பேசியபோது புரிந்தது. எப்போது சிரிக்க வேண்டும், யார் கண்ணை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தோழிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகி, நாள் முழுக்க நடித்துக்கொண்டிருக்கிறாள். காலணியைக் கழற்றும்போது அந்த வேஷமும் கழன்று விழுகிறது. ஆட்டிசம் உள்ளவர்களிடம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், இந்த மறைத்துக்கொள்ளும் பழக்கத்தை அடிக்கடி பார்க்கிறோம். வெளியே தெரியாது என்பதால் கண்டறிவதும் தாமதமாகும். மறைத்து மறைத்துச் சோர்ந்து, பதற்றத்திலும் மனச்சோர்விலும் போய் விழுகிறவர்கள் உண்டு. எனவே "ஸ்கூல்ல ஒரு பிரச்சினையும் இல்லையே" என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களின் வித்தியாசத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு வயதிலேயே பிள்ளைகள் நிறம், உடல், நடை எல்லாவற்றையும் கவனிப்பார்கள், உரக்கக் கேட்பார்கள். நாம் "ஷ்ஷ்" என்று கையைப் பிடித்து இழுப்போம். அந்த இழுப்பில் பிள்ளை ஒரு பாடம் படித்துவிடுகிறது: அந்த ஆளிடம் ஏதோ வெட்கப்பட வேண்டியது இருக்கிறது. "அவருக்குக் கால் வேற மாதிரி, அதான் கோல் வெச்சு நடக்கிறார்" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் சொன்னது இன்றைக்கும் என் வேலையில் கைகொடுக்கிறது: இரண்டு தரப்பும் சமமாக நின்று, பொதுவான ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்து, பெரியவர்களின் ஆதரவும் இருந்தால் விலக்கம் குறையும். ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் மட்டும் போதாது.

ஏற்றுக்கொள்வது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சு வரத் தாமதமானால், வந்த பேச்சு நின்றுபோனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உதவி தேடுவதால் பிள்ளையை நிராகரித்ததாகிவிடாது. படத்தில் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் வதைப்பது வேடிக்கையாக வரும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், அது விளையாட்டுப் படம், நிஜத்தில் வலிக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது பக்ஸ்லி. அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு ஆண்பிள்ளையும் உறவினர் எல்லோர் முன்பும் மசுர்கா என்ற வாள் நடனத்தை ஆடிக் காட்ட வேண்டும். பக்ஸ்லிக்கு வாள் வரவே வராது. வெடிகுண்டு என்றால் உயிர். கோமஸ் அன்பான அப்பாதான். ஆனாலும் வாளைத்தான் திரும்பத் திரும்பக் கையில் கொடுக்கிறார். கடைசியில் குடும்பத்துக்கு ஆபத்து வரும்போது பக்ஸ்லியின் குண்டுகள் காப்பாற்றுகின்றன. அவனை எல்லோரும் கொண்டாடுகிறார்கள்.

இந்த முடிவு எனக்கும் பிடித்திருந்தது, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கேள்வி கேட்கும் வரை. அவனுக்குக் குழாய்கள் என்றால் உயிர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வெளிச்சுவரைச் சுற்றிப் பார்ப்பான். நோட்டு முழுக்கக் குழாய்ப் படம். பென்சிலை அழுத்தி வரைவதில் பின்பக்கத்தைத் தடவினால் கோடுகள் விரலில் தட்டுப்படும். அவன் அப்பா என்னிடம் ஒவ்வொரு முறையும் ஆசையோடு கேட்பார், "இதை வெச்சே பெரிய இன்ஜினியர் ஆயிடுவான் இல்ல மேடம்?"

அன்று படத்தை நிறுத்தியதும் பையன் கேட்டான்: "அந்தக் குண்டு வெடிக்கலைன்னா அவங்க அப்பா என்ன பண்ணியிருப்பாரு?"

நானும் பதில் சொல்லவில்லை, அவன் அப்பாவும் சொல்லவில்லை. என் துறையில் நாங்களே செய்கிற தவறு அது. பெற்றோரைத் தேற்றுவதற்காக, "பேச மாட்டான், ஆனா கணக்குல புலி" என்போம். ஏதோ ஒரு திறமையைத் தேடி எடுத்து, வித்தியாசத்துக்கு ஈடாகக் கொடுப்போம். அந்தத் திறமை இல்லாத பிள்ளைகளும் என் அறைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு எதைக் காட்டி இடம் வாங்கித் தருவது? அன்றிலிருந்து 'ஆனா' போட்டு ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சில நேரம் வாயில் வந்துவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து அந்த அப்பா வந்தபோது இன்ஜினியர் பேச்சை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அவர்கள் வீட்டுக் குழாய்களை ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வரைந்திருக்கிறார்கள். "இது நான் போட்ட கோடு. தப்பாம்" என்றார். அந்தக் கோட்டின்மேல் சிவப்பு பென்சிலால் அடித்து, பக்கத்தில் சரியான குழாயைப் பையன் வரைந்து வைத்திருந்தான்.