மறுதரப்பை யார் வாயால் கேட்கிறோம்?

குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்கள் அரசியலைக் காரணமாகச் சொல்வதில்லை. அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை, அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது என்றுதான் தொடங்குவார்கள். சில அமர்வுகள் கழித்துத்தான் கைப்பேசி வெளியே வரும். "இவர் அனுப்பியதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்" என்று என்னிடம் நீட்டுவார்கள்.

அப்படி ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். எதிரில் இருப்பவரின் கருத்தை, அவரே 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லுங்கள் என்று இருவரையும் கேட்டேன். தந்தை யோசிக்கவே இல்லை. "உழைக்கிறவனிடம் பிடுங்கி உழைக்காதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பாள்." மகள் திகைத்துப்போனாள். "நான் எப்போது அப்பா அப்படிச் சொன்னேன்?" அவர் வாட்ஸ்அப்பைத் திறந்து ஒரு காணொலியைக் காட்டினார். யாரோ ஒருவர் மேடையில் பேசியதிலிருந்து வெட்டியெடுத்த சில விநாடிகள்; அதற்குக் காரமான தலைப்பு வைத்துப் பரப்பியது அவர் இருக்கும் குழு. மகளின் முறை வந்தபோது அவளும் அதையேதான் செய்தாள். 'அப்பாவின் கருத்து' என்று அவள் சொன்னது, நண்பர்கள் கேலியாகப் பகிர்ந்த ஒரு படத்தில் இருந்த வாசகம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவர் மனத்தில் இருப்பதை மற்றவர் ஊர்பேர் தெரியாதவர்களிடம் விசாரித்திருக்கிறார்கள்.

எதிரொலி அறை என்றால் நம் தரப்புப் பேச்சு மட்டுமே கேட்கும் இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, அங்கே மறுதரப்பைப் பற்றித்தான் ஓயாத பேச்சு. அந்தத் தரப்பிலேயே மிக முரட்டுத்தனமான ஆளை, அவர் பேசியதிலேயே மிக மோசமான வரியைப் பொறுக்கியெடுத்து நமக்குக் காட்டுகிறவர்கள் நம்மவர்கள். அதனால்தான் 'எதிர்க்கருத்தையும் படியுங்கள்' என்ற அறிவுரையை மட்டும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. 2018-ல் வெளியான, சமூகவியலாளர் கிறிஸ்டோபர் பெயில் குழுவினரின் ஆய்வில், அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களுக்குப் பணம் கொடுத்து, எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பகிரும் ஒரு ட்விட்டர் கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் தங்கள் நிலைப்பாட்டில் முன்னைவிட இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை.

ஏன் இப்படி? கருத்துக்கு அடியில் 'நான் யாரோடு சேர்ந்தவன்' என்ற கேள்வி இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய சோதனைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பால் கிளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய ஓவியம் பிடித்தது என்பதை வைத்து இரு குழுக்களாகப் பிரித்ததாகச் சிறுவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். தன்னோடு யார் இருக்கிறார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னபோது, தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கணக்கில் பலர் பங்கிட்டார்கள். பகையும் இல்லை, பழைய வரலாறும் இல்லை, சொந்த ஆதாயமும் இல்லை. பெயரளவுக்கு ஒரு கோடு கிழித்ததே போதுமானதாக இருந்தது. வாழ்நாள் முழுக்க வளர்த்த கட்சிப் பற்று அந்தக் கோட்டின்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சமூக ஊடகம் இந்த உந்துதலுக்குக் கூலி கொடுக்கிறது. ஃபேஸ்புக்கில் 2017-இல் கோபக் குறிக்கு, சாதாரண 'லைக்'கைவிட ஐந்து மடங்கு மதிப்பு வைத்துப் பதிவுகளை முன்னுக்குத் தள்ளினார்கள். பிறகு படிப்படியாகக் குறைத்து, 2020-ல்தான் அதைப் பூஜ்ஜியமாக்கினார்கள். ஆனாலும் முழுப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போட எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் அரசியல் பிளவு மிக வேகமாக வளர்ந்தது, இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் முதியவர்களிடம் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தொலைக்காட்சி விவாதமும், கட்சித் தலைவர்களின் நாக்கும் தம் பங்கைச் செய்கின்றன.

ஆலோசனை அறையில் நான் முதலில் நிறுத்தச் சொல்வது, வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் பார்வர்டு அனுப்புவதை. அடுத்து, 'ஆதாரம் எங்கே' என்ற கேள்வியைச் சிறிது காலம் தள்ளிவைத்துவிட்டு, 'இந்த எண்ணம் உங்களுக்கு எப்போது வந்தது, அப்போது என்ன நடந்தது' என்று கேட்கச் சொல்வேன். வேலை போனது, ஏமாற்றப்பட்டது, அலுவலக வாசலில் அவமானப்பட்டது என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். அதற்குப் பதில் சொல்லத் தோன்றாது, கேட்கத்தான் தோன்றும். 2016-ல் அமெரிக்காவில் புரூக்மன், கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வீடு வீடாகச் சென்று இப்படிப் பத்து நிமிடம் பேசியதே திருநர் மீதான முன்முடிவைக் குறைத்தது. அந்த மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவரின் பிறப்பையோ உயிரையோ இழிவுசெய்யும் பேச்சை, அவரே பொறுமையாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு.

வயதான பெற்றோரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஒருவருக்குக் காலை வணக்கம் சொல்லவும், உடம்பு எப்படி என்று கேட்கவும் அந்தக் குழுவைத் தவிர யாருமில்லை என்றால், அதில் வருகிற பொய்யை அவர் எப்படி மறுப்பார்? மறுத்தால் மறுநாள் பேச ஆளிருக்காது. அந்தக் குழுவிலிருந்து அவரை வெளியே கொண்டுவர வழி கேட்டு வரும் பிள்ளைகளிடம், அவரைக் கடைசியாக எப்போது கூப்பிட்டுப் பேசினீர்கள், எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேட்கிறேன். அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்த அமர்வுக்கு அவரையும் அழைத்து வரச் சொல்வதா, இவர்களோடு மட்டும் இன்னும் சில முறை பேசுவதா என்று முடிவுசெய்கிறேன்.