இதயம் அழுதால் கை ஏன் வலிக்கிறது?

"நெஞ்சு வலி வந்தா அது கேஸா, ஹார்ட்டான்னு வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முடியாது. மூளைக்கே அந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

என் சித்தப்பா ஒருநாள் ராத்திரி பரோட்டா சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சோடா குடித்தார், பெரிதாக ஏப்பம் விட்டார், "போயிடுச்சு" என்றார். கால் மணி நேரத்தில் கீழ்த்தாடை வலித்தது. "சொத்தைப் பல்லு, காலையில பாத்துக்கலாம்" என்று படுக்கப் போனார். சித்தி விடவில்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்ததை அவர்தான் கவனித்தார்.

ரத்தக்குழாய் அடைபட்டால் இதயத் தசைக்கு ஆக்சிஜன் போகாது, வேதிப்பொருட்கள் தேங்கி நரம்பு முனைகளைச் சுரண்டும். இது பள்ளிப் பாடம். ஆனால் அதே இதயத்தைத் தொட்டால் ஒன்றும் தெரியாது! 17-ஆம் நூற்றாண்டில், சிறுவயதுக் காயத்தால் மார்பில் ஓட்டை விழுந்த ஓர் இளைஞனின் இதயத்தை, ரத்த ஓட்டத்தை விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி விரலால் தொட்டுப் பார்த்தார். கூட இருந்தவர் இங்கிலாந்து மன்னர் சார்லஸ். தொட்டது அந்த இளைஞனுக்குத் தெரியவே இல்லை.

அப்படியானால் கை ஏன் வலிக்கிறது? கீழ் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே காலிங் பெல் என்று வையுங்கள். இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியில், மேல் நான்கைந்து படிகளில் நுழைகின்றன. மார்புத் தோலிலிருந்தும் கையின் உள்பக்கத்திலிருந்தும் வரும் நரம்புகளும் அங்கேயே வந்து சேர்கின்றன. மேலே மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு செல் இரண்டுக்கும் பொது. ஆயுள் முழுக்க அந்த பெல்லை அடித்தது கைதான்: கொசு கடித்தது, தோசைக்கல் சுட்டது. இன்று அடிப்பது இதயம் என்றாலும், பழக்க தோஷத்தில் மூளை கையின் கதவைத்தான் திறக்கிறது. தாடைக்கும் ஏறக்குறைய இதே கதை. அங்கே செய்தி வேறொரு நரம்பு வழியாகக் கழுத்துக்கு மேலே போய்க் கலக்கிறது.

இப்படியொரு வயரிங் ஏன்? கருவில் இதயம் உருவாகும்போது கொஞ்ச நாள் அதன் குடியிருப்பு கழுத்துப் பக்கம். கை முளைப்பதும் அதற்கு அருகில்தான். பிறகு இதயம் மார்புக்குள் இறங்கிவிட்டது, பழைய இணைப்பை மட்டும் அறுக்கவில்லை. எனக்கு இதைவிட அழகான உடற்கூறு கதை தெரியாது.

உணவுக்குழாயின் நரம்புகளும் கிட்டத்தட்ட அதே படிகளில்தான் ஏறுகின்றன. அதனால்தான் நெஞ்செரிச்சலும் மாரடைப்பும் ஒரே குரலில் பேசுகின்றன. ஏப்பம் விட்டதும் வலி குறைந்தது எதற்கும் சாட்சியில்லை. இதய வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையில் குறைந்தாலும் இதயம்தான் என்று சொல்ல முடியாது, அது உணவுக்குழாய்ப் பிடிப்பையும் தளர்த்தும்.

விரல் நுனியால் "இங்கதான்" என்று காட்ட முடிகிற, அழுத்தினால் கூடுகிற வலி பெரும்பாலும் தசை, விலா எலும்புச் சமாசாரம். முஷ்டியை நெஞ்சில் வைத்துக் காட்டினால், பாறாங்கல் வைத்தது போல் அழுத்தினால், நடந்தால் கூடினால், வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே 108. தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு பழுதாகி வலியே வராமல் போகலாம். பெண்களுக்கு மூச்சிரைப்பும் குமட்டலும் அசதியும் மட்டுமே வரலாம், வீட்டிலும் "பித்தம்" என்று சுக்குக் கஷாயம் வைத்துவிடுவார்கள். பலமாக இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரையை எழுதியவர் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

முதல் இ.சி.ஜி. சாதாரணமாக இருக்கலாம். இதயத் தசை சேதமானால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறவும் சில மணி நேரம் பிடிக்கும். "நார்மல், வீட்டுக்குப் போலாமா?" என்று சித்தப்பாவும் எழுந்து நின்றார். டியூட்டி டாக்டர் உட்கார வைத்தார். இரண்டாவது இ.சி.ஜி.யில் தெரிந்தது.