கொள்ளிடம் காப்பது ஒரு வெள்ளத்தை மட்டும்

ஆடி, ஆவணியில் கர்நாடகத்தில் மழை வலுத்துவிட்டால் மேட்டூருக்கு விநாடிக்கு 2 லட்சம் கன அடி வருவதுண்டு. அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). ஒரு நாள் முழுக்க 1 லட்சம் கன அடி ஓடினால் 8.64 டி.எம்.சி. சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அணை காலியாகவே கிடந்தாலும் 2 லட்சம் கன அடியில் ஐந்தரை நாளில் நிரம்பிவிடும். மட்டம் 120 அடியைத் தொட்டபின் வருவதை அப்படியே திறந்துவிட வேண்டியதுதான்.

சரி, அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்? கல்லணையில் பிரிகிற காவிரியும் வெண்ணாறும் ஆளுக்குச் சுமார் 10,000 கன அடிதான் தாங்கும். கல்லணைக் கால்வாய் அதில் பாதிகூடத் தாங்காது. மிச்சம் முழுவதும் காவிரியிலிருந்து வடக்கே பிரியும் கொள்ளிடத்துக்கு. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் பெரும்பகுதியை வடக்கே திருப்பிவிடுகிறார்கள். அங்கே தப்பி வந்தது கல்லணையில் உள்ளாறு என்ற இணைப்பு ஆற்றின் வழியாகக் கொள்ளிடத்தில் விழுகிறது.

கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு; கடலுக்குப் போகும் சரிவும் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுவே தொல்லையாக இருந்தது. தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் வடிய, காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்ட ஆரம்பித்தார். மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடம்தான் கற்றோம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அணை வந்ததும் கதை தலைகீழானது. காவிரி தண்ணீரை அளவுக்கு மீறி இழுத்துத் தன் படுகையை அரிக்கத் தொடங்கியதால், அதன் வாயிலும் ஒரு தடுப்பு போட வேண்டியதாயிற்று.

2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. ஷட்டரைத் தாண்டி விழும் தண்ணீர் தன் வேகத்தையெல்லாம் அணையின் காலடியில்தான் கொட்டுகிறது. அதைத் தாங்கத்தான் கீழே கற்தளம் இருக்கும். கீழ்ப்பக்கம் ஆற்றுப்படுகை தாழத் தாழ நீர் விழும் உயரம் கூடும். தளத்தின் விளிம்பு அரிபடும். அணைக்கு அடியிலிருந்து மணல் கசிந்து வெளியேறும். மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் குற்றஞ்சாட்டினார்கள். அந்த ஒரு சம்பவத்துக்கு அது மட்டுமே காரணமா என்பது வேறு விவாதம். ஆனால் படுகை தாழ்ந்தால் அணை பலவீனப்படும் என்பதில் சந்தேகமே இல்லை.

இதெல்லாம் ஆற்றில் வரும் வெள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் வயல் மேலேயே கொட்டும் மழைக்குக் கொள்ளிடம் உதவாது. பயிரைப் பெரும்பாலும் அழுகவைப்பது இந்த இரண்டாவது வெள்ளம்தான் என்பது என் எண்ணம். டெல்டாவின் பாசன ஆறுகள், தாங்களே கொண்டுவந்த வண்டல் மேட்டில், வயலைவிட உயரத்தில் ஓடுகின்றன. அதனால்தான் மோட்டார் இல்லாமலே மடையைத் திறந்தால் தண்ணீர் பாய்கிறது. அதே காரணத்தால் வயலில் தேங்கிய மழைநீர் அந்த ஆற்றுக்குத் திரும்ப ஏறாது. அது பள்ளத்தில் கிடக்கும் வடிகாலைத் தேடித்தான் போயாக வேண்டும்.

கடைமடையில் நிலம் கிட்டத்தட்ட கடல் மட்டம். அலையேற்றத்தின்போது கடல் உள்ளே தள்ளும். வடிகால் நீர் முகத்துவாரத்திலேயே நின்றுவிடும். உப்புநீர் ஏறாமலிருக்கக் கட்டிய கதவுகளை நீர் இறங்கும் நேரம் பார்த்துத்தான் திறக்க முடியும். அந்தச் சில மணி நேரத்துக்குள் எவ்வளவு வடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் சரிவே இல்லாத அந்தத் தண்ணீர் நகராது. தூர்வாருவது கோடையிலேயே முடிந்திருக்க வேண்டும். மழை பிடித்த பிறகு பொக்லைன் இறக்கிப் பயனில்லை.

முழுகிய நெல் ஏன் சாகிறது? காற்றில் பரவுவதைவிட நீரில் வாயுக்கள் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மூச்சுமுட்டும் பயிர், தலையை வெளியே நீட்டச் சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து உயரும். தண்ணீர் வடியும்போது கையிருப்பு தீர்ந்து சாய்ந்துவிடும். ஒடிசாவின் ஒரு பழைய ரகத்தில் கண்டறிந்த 'சப் 1' மரபணு இந்த அவசரத்தை அடக்குகிறது. பயிர் வளராமல் அடங்கிக் கிடந்து இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். டெல்டாவில் சிஆர் 1009 சப் 1 ரகம் இப்படி வந்ததுதான். ஆனால் அந்தக் குணம் இளம்பயிருக்கு உரியது. தை மாதம் கதிர் முற்றித் தலைசாய்ந்திருக்கும்போது மழை கொட்டினால் மரபணு எதுவும் செய்யாது. நெல் வயலிலேயே முளைவிடும்.