உறைபனி: மூடி வைத்தும் செடி ஏன் கருகுகிறது?

"சார், ராத்திரி நல்லா மூடித்தான் வச்சேன், அப்படியும் கருகிப் போச்சு." நீலகிரியில் தோட்டக்கலை ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவனுக்கு டிசம்பர், ஜனவரியில் வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். போன வாரம் ஊட்டியில் காந்தல் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தது: தொட்டியில் ஆளுயரத்துக்கு வளர்ந்த ஃபூஷியா பூச்செடி, அதன் தலையில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை, பையின் வாயை நடுத்தண்டோடு சேர்த்துச் சணலால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பையைக் கழற்றினால் உள்ளே இலைகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒட்டிய இடமெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோலக் கரும்பச்சையாகத் துவண்டு கிடக்கிறது, மதியத்துக்குள் அது பழுப்பாகிவிடும். அந்த அம்மா என்னிடம் கேட்டது, "இன்னொரு பை சேர்த்துப் போட்டிருக்கணுமோ?"

பத்து பை போட்டாலும் கருகத்தான் செய்யும், அம்மா.

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருஷமும் இதே தவறுதான். நாம் கம்பளி போர்த்தினால் நமக்குக் குளிர் தெரியாது. காரணம் கம்பளி இல்லை, நம் உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, கம்பளி அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். செடிக்கு உடம்புச் சூடு என்று ஒன்று கிடையாது. அதை எத்தனை சுற்று சுற்றினாலும் பிடித்து வைக்க உள்ளே ஒன்றுமில்லை. சூடு இருப்பது மண்ணில். பகல் முழுக்க வெயில் வாங்கிய மண் இரவில் அதை மேலே விடுகிறது, மேகமில்லாத, காற்றில்லாத இரவில் அது அப்படியே வானத்துக்குப் போய்விடுகிறது. மூடாக்கின் வேலை அந்தச் சூட்டை வழியில் மறிப்பதுதான். ஆகவே துணி செடியின் தலையிலிருந்து தரை வரைக்கும் கூடாரமாக இறங்க வேண்டும், ஓரத்தில் செங்கல் வைத்து இடைவெளி இல்லாமல் அழுத்த வேண்டும். தண்டோடு சேர்த்துக் கட்டினால் மண்ணின் சூட்டைச் செடிக்கு வராமல் நீங்களே தடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மூடாமல் விட்டிருந்தால்கூட இதைவிட மேலாக இருந்திருக்கும்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்கு மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் பரப்புவதைப் பார்த்திருப்பீர்கள், தேயிலைக்காரர்கள் தேயிலைக்கு மேல் தாகை என்ற செடியை வெட்டிப் போடுகிறார்கள். யாரும் செடியை மூட்டை கட்டுவதில்லை, மேலே வானத்தை மறைக்கிறார்கள்.

சரி, எதைக்கொண்டு மூடுவது? காசு செலவழிக்க வேண்டாம். பழைய பருத்திச் சேலை, வேட்டி, பெட்ஷீட் போதும், என்னைக் கேட்டால் இவைதான் முதல் தரம். உரச்சாக்கு இருந்தால் பக்கத்தைப் பிரித்து, இரண்டு மூன்றைக் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் நன்றாக அலசுங்கள், ஒட்டியிருக்கும் யூரியா பனி நீரில் கரைந்து இலையில் சொட்டினால் அதுவும் கருக்கும். சணல் சாக்கு அருமையான பொருள், நனைந்தால் கனம்தான் தொல்லை, இளஞ்செடியை ஒடித்துவிடும். தொட்டிச் செடிக்கு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்தால் முடிந்தது. பூச்சிமருந்து டப்பாவை மட்டும், கழுவினேன் என்று சொல்லிக்கொண்டு, காய்கறி நாற்றின் மேல் கவிழ்க்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிளக்ஸ் பேனர்! ஊரெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது என்று கேரட் பாத்தி மேல் தலைவர்களையும் காதுகுத்து வாழ்த்துகளையும் விரித்துப் போட்டிருக்கிறார்கள். போடலாம், ஆனால் செடியைத் தொடக் கூடாது. துணியோ பிளாஸ்டிக்கோ, இலையில் படுகிற இடத்தில் குளிர் நேராக இறங்கும், பிளாஸ்டிக்கில் இது ரொம்ப அதிகம். மூங்கில் பிளாச்சு, பழைய ஒயரிங் பைப், எது கிடைத்தாலும் வளைத்து இரண்டு பக்கமும் மண்ணில் ஊன்றி, செடிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு அதன்மேல் போடுங்கள். பிடிப்புக்குத் துணி கிளிப் போதும். நைலான் கயிற்றை நீளமாகத் தொங்கவிட வேண்டாம், நம் ஊரில் இரவில் காட்டெருமை வரும், கொம்பில் சிக்கினால் கூடாரத்தோடு போய்விடும், அந்த மிருகத்துக்கும் அவஸ்தை.

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீர் நிரப்பிப் பகலில் வெயிலில் வையுங்கள், மாலையில் மூடாக்குக்குள் தள்ளிவிடுங்கள். தண்ணீர் இரவெல்லாம் மெதுவாகச் சூட்டை விடும். மண்ணும் அப்படித்தான், காய்ந்த மண்ணைவிட ஈர மண் அதிகச் சூட்டைச் சேர்த்து வைக்கும், அதனால் பகலிலேயே பாய்ச்சிவிடுங்கள்.

நேரம் முக்கியம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் முன் மூட வேண்டும், சீரியல் எல்லாம் முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய் மூடினால் மண் ஏற்கெனவே ஆறிப்போயிருக்கும். காலையில் பனி உருகியதும் எடுத்துவிடுங்கள். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும், பிளாஸ்டிக்காக இருந்தால் பத்து மணி வெயிலிலேயே செடி வெந்துவிடும். "தினமும் யார் சார் எடுத்து எடுத்துப் போடுறது?" என்கிறார்கள். அப்படியானால் தொட்டியைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிடுங்கள், உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

"நியூஸ்ல மூணு டிகிரின்னுதானே சொன்னாங்க" என்பது அடுத்த புகார். அந்த வெப்பமானி தரையிலிருந்து நான்கடி உயரத்தில் பெட்டிக்குள் இருக்கிறது. தெளிந்த இரவில் புல்தரை அதைவிடச் சில டிகிரி கீழே போகும். பள்ளத்தில் இருக்கும் தோட்டமென்றால் இன்னும் மோசம், குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து அங்கே வந்துதான் தேங்கும். எண்ணைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள்: மேகமில்லை, காற்றுமில்லை என்றால் மூடிவிடுங்கள்.

துணிக்குள் குண்டு பல்பு எரியவிடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பனியில் நனைந்த துணி, தரையில் கிடக்கும் ஒயர், ஒட்டுப்போட்ட ஹோல்டர். ஒரு ஜெரேனியம் பூச்செடிக்காக உயிரை வைத்து விளையாடுவீர்களா? உடனே கழற்றுங்கள்.

இதையெல்லாம் மீறிக் கருகிவிட்டால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். மேலே கருகிய இலையும் குச்சியும் கீழே உயிரோடிருக்கும் மொட்டுகளுக்கு மறைப்பு. இப்போது வெட்டினால் துளிர் விடும், அடுத்த பனியில் அந்தத் துளிரும் போகும். பிப்ரவரி கடந்து பனி ஓய்ந்த பிறகு குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். ஃபூஷியா அடியிலிருந்து திரும்ப வரும், காந்தல் அம்மாவிடமும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்.