பத்தாம் எண் கடிதம் வந்தால் ஆறாம் எண்ணையும் கேளுங்கள்

அலுவலகக் கடிதங்களையும் வழக்கு ஆவணங்களையும் மொழிபெயர்ப்பது என் தொழில். வருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு தாளோடுதான் வருவார்கள். தாளின் மேல்பக்கம் 'பார்வை' என்று போட்டு இரண்டு மூன்று பழைய கடிதங்களின் எண்ணும் தேதியும் இருக்கும். அவை எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குங்க, இதை மட்டும் இங்கிலீஷ்ல போட்டுக் கொடுங்க" என்பார்கள். அப்போதெல்லாம் எனக்கு எட்மண்ட் ராண்டால்ஃபின் ஞாபகம்தான் வரும். பழைய கடிதங்களைப் பார்க்காமல் தன்னைப் பற்றிய ஒரே ஒரு கடிதத்தை மற்றவர்கள் மொழிபெயர்த்துப் படித்ததில் பதவியை இழந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அவர்.

அமெரிக்கக் குடியரசின் வெளியுறவுத் துறை 1789-இல்தான் தொடங்கியது. முதல் அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சன். அவரிடம் இருந்தது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில எழுத்தர்களும், ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் ஒரு பகுதிநேர மொழிபெயர்ப்பாளரும். கடிதங்கள் பாய்மரக் கப்பலில் போக வேண்டும். கப்பல் மூழ்கலாம், எதிரி பிடிக்கலாம். அதனால் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். தூதர்கள் தங்கள் கடிதங்களுக்கு வரிசை எண் போட்டதற்கும் இதுதான் காரணம்: நான்காவதும் ஆறாவதும் வந்து ஐந்தாவது வராவிட்டால், நடுவே ஒன்று தொலைந்தது என்று பெறுபவருக்குத் தெரிந்துவிடும். எண் போடுவது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஜெஃபர்சன் விலகிய பின் 1794 ஜனவரியில் ராண்டால்ஃப் அமைச்சரானார். அதே ஆண்டு மேற்கு பென்சில்வேனியாவில் விஸ்கி வரிக்கு எதிராகக் கலகம் வெடித்தது. அப்போது தலைநகரமான ஃபிலடெல்ஃபியாவில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர் ஜோசப் ஃபோஷே. அக்டோபர் 31 அன்று அவர் தன் அரசுக்கு எழுதிய பத்தாம் எண் கடிதத்தில் ராண்டால்ஃபின் பெயர் பல இடங்களில் வருகிறது. கலகத்தின்போது ராண்டால்ஃப் தன்னிடம் வந்து சில யோசனைகளைச் சொன்னார் என்றும், சில ஆயிரம் டாலர் இருந்திருந்தால் இங்கே உள்நாட்டுப் போரா சமாதானமா என்பதை பிரான்ஸே தீர்மானித்திருக்கலாம் என்றும், அமெரிக்க தேசபக்தர்களுக்கும் விலை உண்டு போலும் என்றும் எழுதிவிட்டு, அந்த யோசனைகளின் விவரத்துக்குத் தன்னுடைய ஆறாம் எண் கடிதத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

கடிதம் பிரான்ஸ் போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுபோன கப்பலை 1795 மார்ச்சில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் பிடித்தது. லண்டனில் அதைப் படித்தவர்களுக்கு அதன் மதிப்பு உடனே புரிந்தது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே அமெரிக்கத் தூதர் ஜான் ஜே பேசி முடித்த ஒப்பந்தம் அந்தக் கோடையில் ஜனாதிபதி வாஷிங்டனின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பிரான்ஸுக்குத் தானியம் கொண்டுபோகும் கப்பல்களை பிரிட்டன் பிடிப்பதை நிறுத்தும்வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று வாஷிங்டனிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் ராண்டால்ஃப். ஜூலை 28 அன்று பிரிட்டிஷ் தூதர் ஹாமண்ட் அந்தக் கடிதத்தை நிதியமைச்சர் வோல்காட்டிடம் கொடுத்தார். ராண்டால்ஃபின் கொள்கைக்கு வோல்காட் எதிரணியில் இருந்தார். எதிரி நாட்டுக் கடிதத்தைப் பிடித்தவர் எதற்காக அதை நம்மிடம் கொடுக்கிறார் என்ற கேள்விதான் அங்கே முதலில் எழுந்திருக்க வேண்டும்.

சரி, கடிதம் பிரெஞ்சில் இருக்கிறது. வாஷிங்டனுக்கு பிரெஞ்சு தெரியாது. வெளியுறவுத் துறையிடம் கொடுத்து மொழிபெயர்க்கலாம் என்றால் அந்தத் துறையின் தலைவரே ராண்டால்ஃப். ஆகவே போர்த்துறை அமைச்சர் திமோத்தி பிக்கரிங் தானே உட்கார்ந்து, அகராதியைப் புரட்டி மொழிபெயர்த்தார். அவருடைய பிரெஞ்சு அரைகுறை. அவரும் ராண்டால்ஃபின் எதிரணிக்காரர்தான்.

மூலத்தில் ஃபோஷே, ராண்டால்ஃபின் 'ப்ரேசியோஸ் கான்ஃபெசியோன்' தனக்கு நடப்பவற்றைப் புரியவைத்தன என்று எழுதியிருந்தார். 'அவர் என்னிடம் மனம்விட்டுச் சொன்ன மதிப்புமிக்க தகவல்கள்' என்பது அங்கே அதன் பொருள். பிக்கரிங் அதை ஆங்கிலத்தில் 'பிரஷ்யஸ் கன்ஃபெஷன்ஸ்' என்று அப்படியே போட்டார். ஒலி ஒன்றுதான், ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவுடனே குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவர் கண்முன் வந்து நிற்கிறார். வாசிப்பவர் முதல் பத்தியிலேயே தீர்ப்பை எழுதிவிட்டு மிச்சத்தைப் படிப்பார். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லுக்கு நான் எப்போதும் பயப்படுவது இதனால்தான். தெரியாத சொல்லுக்கு அகராதியைத் திறப்போம். தெரிந்தது போலத் தோன்றும் சொல்லுக்குத் திறக்க மாட்டோம்.

வாஷிங்டன் ஆகஸ்ட் 11 அன்று தன் பண்ணை வீடான மவுண்ட் வெர்னனிலிருந்து தலைநகருக்குத் திரும்பினார். அன்றே மொழிபெயர்ப்பு அவர் கைக்குப் போனது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது என்று உடனே முடிவெடுத்தார். ராண்டால்ஃபிடம் மட்டும் ஒரு வாரத்துக்கும் மேல் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 19 அன்று வோல்காட்டையும் பிக்கரிங்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தை நீட்டி, படித்துவிட்டு விளக்கம் சொல்லும்படி கேட்டார். அந்த அறையில் ஆறாம் எண் கடிதம் இல்லை. ராண்டால்ஃப் அன்றே பதவி விலகினார்.

அப்புறம் அவர் செய்ததுதான் என்னை மிகவும் பாதிக்கிறது. நாடு திரும்பக் கப்பலேறக் காத்திருந்த ஃபோஷேயைத் தேடி ரோட் ஐலண்டின் நியூபோர்ட் வரை பயணம் போனார். எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட ஃபோஷே, அதை ராண்டால்ஃபின் கையில் கொடுக்கும் முன்பே கப்பலேறிப் போய்விட்டார். நல்லவேளையாக, எழுதியதை ஃபிலடெல்ஃபியாவில் இருந்த புதிய பிரெஞ்சுத் தூதருக்கு அனுப்பியிருந்தார். அதோடு மூன்றாம், ஆறாம் எண் கடிதங்களின் பகுதிகளும் ராண்டால்ஃபுக்குக் கிடைத்தன. பிரான்ஸுக்காக மாவு கொள்முதல் செய்த சிலர் ஆங்கிலேய வணிகர்களுக்குக் கடன்பட்டிருந்தார்கள். அந்தக் கடனிலிருந்து அவர்கள் விடுபட்டால் கலகத்தின் பின்னால் பிரிட்டிஷ் கை இருக்கிறதா என்று துணிந்து விசாரித்துச் சொல்ல முடியும் என்பதே ராண்டால்ஃபின் யோசனை என்று விளக்கம் வந்தது. தனக்காக அவர் பணம் கேட்கவில்லை என்று ஃபோஷேயே எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டுத் தூதரிடம் ஓர் அமைச்சர் இவ்வளவு தாராளமாகப் பேசியது தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் லஞ்சம் கேட்டதற்கு இதுவரை எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து டிசம்பரில் ராண்டால்ஃப் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதே டிசம்பரில் அவருடைய நாற்காலியில் முறைப்படி அமர்ந்தவர் பிக்கரிங்.

என் வேலையிலும் இப்படி ஒன்று வந்தது. ஒரு நிறுவனத்தின் உள்விசாரணைக் கடிதம். வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். 'தொகையைக் கட்ட ஒத்துக்கொண்டார்' என்பது தமிழ் மூலம். ஆங்கிலத்தில் 'அட்மிட்டட்' என்று இருந்தது. தமிழில் ஒத்துக்கொள்வது சம்மதிப்பதாகவும் இருக்கும், குற்றத்தை ஏற்பதாகவும் இருக்கும். பார்வையில் இருந்த முந்தைய கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கணக்கு முடியும்வரை தற்காலிகமாகத் தொகையைக் கட்டச் சொல்லி நிறுவனமே கேட்டிருந்தது. அதற்கு அவர் சம்மதித்திருந்தார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு ஆங்கிலப் பிரதி மேலிடத்துக்குப் போயிருந்தால் அவர் வேலை போயிருக்கும்.

ஆகவே உங்களைப் பற்றிய கடிதம் ஒன்று வேறு மொழியில் போகிறது என்றால், மூலத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பார்வையில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தேடி எடுத்து, மொழிபெயர்ப்பவரிடம் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். மொழிபெயர்த்தவர் யார், அவருக்கும் உங்கள் எதிர்த்தரப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தயங்க வேண்டாம். விளக்கம் கேட்டு அழைத்தால், குறிப்பிடப்பட்ட கடிதங்களைப் பார்த்த பிறகு எழுத்தில் பதில் தருவதாகச் சொல்லி அவகாசம் கேளுங்கள்.

நான் என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். பழைய கடிதங்கள் வராமல் ஒரே தாளை மொழிபெயர்க்க நேர்ந்தால், 'பார்வையில் கண்ட கடிதங்கள் எனக்குக் காட்டப்படவில்லை' என்று கடைசியில் ஒரு வரி எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நான் எடுப்பதில்லை.