ஒட்டுக்கேட்பு அச்சம்: எது தகவல், எது ஊகம், எது கருத்து?

‘*#21# என்று டயல் செய்யுங்கள், உங்கள் போனை யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று தெரிந்துவிடும்’ என்ற செய்தி பல ஆண்டுகளாகப் பல மொழிகளில் சுற்றி வருகிறது. டயல் செய்தால் திரையில் வாய்ஸ், டேட்டா, ஃபேக்ஸ், எஸ்எம்எஸ் என்று ஒரு பட்டியல் வரும். *#62# போட்டால் பலருக்கு முன்பின் தெரியாத ஓர் எண் வந்து நிற்கும். அதைப் பார்த்தவர் அன்று முழுக்கப் பதற்றத்தில் இருப்பார்.

இந்த இரண்டு குறியீடுகளும் கால் ஃபார்வர்டிங் நிலையைக் காட்டுபவை. முதலாவது, எல்லா அழைப்புகளும் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது, போன் அணைந்திருக்கும்போதோ சிக்னல் கிடைக்காதபோதோ அழைப்பு எங்கே போகும் என்று சொல்லும். அந்த ‘மர்ம எண்’ பெரும்பாலும் உங்கள் சிம் நிறுவனத்தின் வாய்ஸ்மெயில் எண். ஒட்டுக்கேட்பு சிம் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் நடந்தால் கைபேசியில் எந்த அடையாளமும் தெரியாது. உளவு மென்பொருள் போனுக்குள் இருந்தால், அதற்குக் கால் ஃபார்வர்டிங் தேவையே இல்லை. இரண்டில் எதையும் இந்தக் குறியீடு கண்டுபிடிக்காது.

ஆனால் இதை ‘வெறும் வதந்தி’ என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மோசடிக்காரர்கள் டெலிவரி ஆள் போலவோ வாடிக்கையாளர் சேவை போலவோ பேசி, *21* என்று தொடங்கி ஓர் எண்ணையும் # குறியையும் சேர்த்து டயல் செய்யச் சொல்கிறார்கள். செய்துவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போகும். ஓடிபி-யை அழைப்பு வழியாகச் சொல்லும் சேவைகளில், உங்கள் கணக்கை அவர்கள் கைப்பற்ற இதுவே போதும். அப்படி நடந்திருந்தால் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் ##002# எல்லாத் திருப்பங்களையும் ரத்து செய்துவிடும். வாய்ஸ்மெயில் அமைப்பும் கூடவே போய்விடும், அதை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

கண்காணிப்பு பற்றிய அச்சச் செய்திகளின் பொதுவான அமைப்பு இதுதான். சரிபார்க்கக்கூடிய ஒரு தகவல் இருக்கும், அதன்மேல் தவறான ஊகம் ஏறியிருக்கும், அதற்கும் மேலே பயமோ கோபமோ இருக்கும். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருவதால், தகவலைப் பார்த்து மொத்தத்தையும் நம்பிவிடுகிறோம், அல்லது ஊகத்தைப் பார்த்து மொத்தத்தையும் தள்ளிவிடுகிறோம். இரண்டிலும் ஆபத்து உண்டு.

பிரித்துப் பார்ப்பது எப்படி? ஒரு மாதிரிச் செய்தியை எடுத்துக்கொள்வோம்: ‘இந்தச் சாலைச் சந்திப்பில் 12 கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். அவை முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும். நாம் எங்கே போகிறோம் என்பதெல்லாம் பதிவாகிறது. இனி யாரும் போராட்டத்துக்கு வர மாட்டார்கள். இது அடிமை வாழ்க்கை.’

இதில் ஐந்து வாக்கியங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆதாரம் வேண்டும். முதல் வாக்கியத்துக்குப் போய் எண்ணிப் பார்த்தால் போதும். இரண்டாவதுக்குக் கண் உதவாது. முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் பெரும்பாலும் சர்வரில் ஓடுகிறது, கேமராவின் வடிவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டெண்டர் ஆவணம், கொள்முதல் ஆணை, தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் நாடுகளில் அதன் வழியே கிடைத்த பதில் ஆகியவைதான் சான்று. டெண்டரில் எழுதியிருந்தால்கூட ‘வாங்கத் திட்டமிட்டார்கள்’ என்பது மட்டுமே நிரூபணம். ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். மூன்றாவது வாக்கியத்துக்குப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் தேடிப் பார்க்கலாம் என்ற விதிகள் தெரிய வேண்டும். நான்காவது ஒரு கணிப்பு, இன்றைக்கு அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. ஐந்தாவது கருத்து.

கருத்து என்றதும் மதிப்புக் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு கண்காணிப்பை ஒரு சமூகம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு எந்த ஆவணத்திலும் விடை கிடைக்காது. அது வாதாடி முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் வாதம் நிற்க, கீழே உள்ள தகவல் உறுதியாக இருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியம் தவறு என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், நியாயமான ஐந்தாவது வாக்கியமும் அதோடு சேர்ந்து சரிந்துவிடும்.

கேமரா விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்காணிப்பு கேமராக்களுக்கான இஎன் 62676-4 தரநிலையின் 2015 பதிப்பு, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்தில் எத்தனை பிக்சல் (படப்புள்ளி) விழுகிறது என்பதை வைத்துத் தரம் பிரிக்கிறது. ஆள் இருக்கிறார் என்று தெரிய 25 பிக்சல் வேண்டும். முன்பே தெரிந்தவரை இனம் காண 125, முன்பின் தெரியாதவரைச் சந்தேகமற அடையாளம் காண 250. 1920 பிக்சல் அகலமுள்ள ஃபுல் ஹெச்டி கேமரா 20 மீட்டர் அகலச் சாலையைக் காட்டினால் மீட்டருக்கு 96 பிக்சல்தான் கிடைக்கும். அதே கேமரா ஏழரை மீட்டர் அகலமுள்ள வாசலைப் பார்த்தால் 256. இவை மனிதர் திரையில் பார்த்து முடிவு செய்வதற்கான அளவுகள், மென்பொருளுக்கு வேண்டியது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வெளிச்சமும் கோணமும் மோசமானால் இந்த எண்களும் உதவாது. இருந்தாலும் ‘கேமரா இருக்கிறது, ஆகவே முகம் தெரியும்’ என்ற தாவலைத் தடுக்க இந்த ஒரு வகுத்தல் போதும்.

கண்காணிப்புக் கருவிகளை விற்பவர்கள் பக்கத்திலிருந்து வரும் எண்களையும் இதே கறாருடன் பார்க்க வேண்டும். ‘எங்கள் முக அடையாளக் கருவி 99.9 சதவீதம் துல்லியம்’ என்று விற்பனையாளர் சொல்கிறார், செய்தியிலும் அது அப்படியே வருகிறது. தேடப்படாதவர்களில் ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே தவறாகப் பிடிக்கும் என்று அதற்குப் பொருள் கொள்வோம். ஒரு நாளில் 1,00,000 பேர் கடந்து போகிறார்கள், அவர்களில் தேடப்படுபவர்கள் 10 பேர், அவர்களில் 9 பேரைக் கருவி பிடித்துவிடுகிறது. மீதமுள்ளவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கும் மணி அடிக்கும். மொத்தம் 109 மணி, அதில் சரியானவை 9. மணி அடித்த நூறு பேரில் சுமார் எட்டுப் பேர்தான் தேடப்பட்டவர்கள். நிறுவனம் சொன்ன எண் பொய்யில்லை, அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவுதான் தவறு. அமெரிக்காவின் தேசிய தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், முகத்தை அடையாளம் காணும் 189 மென்பொருள்களைச் சோதித்து 2019 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. பல மென்பொருள்களில் தவறான பொருத்தம் (ஒருவரை இன்னொருவர் என்று காட்டுவது) சில இனக்குழுக்களின் முகங்களுக்கு மற்றவர்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. ஆகவே துல்லியம் என்று ஓர் எண் வந்தால், யாருடைய முகங்களில் சோதித்தார்கள், எந்தப் பிழையைக் கணக்கிட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் கேள்வி: ‘பேசிக்கொண்டிருந்த பொருளுக்கே விளம்பரம் வருகிறதே, போன் கேட்கிறதுதானே?’

இங்கே தகவல், ‘பேசினேன், பிறகு விளம்பரம் வந்தது’ என்பது மட்டும்தான். காரணம் ஊகம். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மைக்கை ரகசியமாக இயக்கி ஒலியை அனுப்பிய செயலி எதுவும் அவர்களிடம் சிக்கவில்லை. ஆனால் எதிர்பாராத ஒன்று சிக்கியது: சில செயலிகள் பயனர் திரையில் செய்வதைப் படமாகப் பதிவு செய்து மூன்றாம் தரப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அச்சப்பட்டது நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை, யாரும் அச்சப்படாதது நடந்துகொண்டிருந்தது.

கணக்கும் கொஞ்சம் உதவும். பேச்சை நொடிக்கு 16 கிலோபிட் என்று நன்றாகச் சுருக்கி இடைவிடாமல் அனுப்பினால்கூட மணிக்கு 7.2 எம்பி, நாளுக்கு 170 எம்பிக்கு மேல், மாதம் சுமார் 5 ஜிபி ஆகும். டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் அது மறையாது. போனிலேயே பேச்சை எழுத்தாக்கி அனுப்பினால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது பார்க்க வேண்டியது மைக் குறி. ஐஓஎஸ் 14 முதல் ஐபோனில் மைக் ஓடும்போது ஆரஞ்சுப் புள்ளியும், ஆண்ட்ராய்டு 12 முதல் பச்சைக் குறியும் திரையின் மேல்பகுதியில் வரும். ஆண்ட்ராய்டில் பிரைவசி டாஷ்போர்டு, ஐபோனில் ஆப் பிரைவசி ரிப்போர்ட் ஆகியவற்றைத் திறந்தால் எந்தச் செயலி எப்போது மைக்கைத் தொட்டது என்று நேரத்தோடு தெரியும். (ஐபோனில் இந்த அறிக்கையை முதலில் நாமே இயக்கி வைக்க வேண்டும்.) சாதாரணச் செயலிகளுக்கு இது நம்பத் தகுந்த சோதனை. போனின் இயங்குதளத்தையே கைப்பற்றும் உயர்ரக உளவு மென்பொருளுக்குப் பொருந்தாது.

வீட்டிலேயே சோதிக்க விரும்புகிறவர்கள் வழக்கமாக ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு விளம்பரத்துக்குக் காத்திருப்பார்கள். அது சோதனையாகாது. உங்களுக்குத் துளியும் தொடர்பில்லாத இரண்டு பொருள்களைத் தாளில் எழுதுங்கள். நாணயம் சுண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் ஒரு வாரம் போன் அருகில் பேசுங்கள். மற்றதை வாயே திறக்காதீர்கள். இரண்டையும் எங்கேயும் தட்டச்சு செய்யக் கூடாது, உடன் இருப்பவரும் தேடக் கூடாது. இரண்டுக்கும் வரும் விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பேசாத பொருளுக்கும் விளம்பரம் வந்தால் அதை அப்போதுதான் கவனிப்பீர்கள். சாதாரண நாளில் அது கண்ணிலேயே படாது. பேசிய பொருளுக்கு வரும் விளம்பரத்துக்கும் வேறு வழிகள் உண்டு: ஒரே வைஃபையில் இருக்கும் நண்பரின் தேடல், இருப்பிடத் தரவு, கடைகள் விளம்பர நிறுவனத்துக்குக் கொடுக்கும் வாடிக்கையாளர் பட்டியல். இவையும் கண்காணிப்புதான், மைக்கைவிடப் பரவலாக நடப்பவை.

ஆவணம் கையில் கிடைத்த பிறகும் எல்லை மீறல் நடக்கும். 2021 ஜூலையில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய கூட்டுப் புலனாய்வு வெளியானபோது 50,000-க்கும் மேற்பட்ட போன் எண்கள் கொண்ட ஒரு பட்டியல் பேசப்பட்டது. ‘50,000 பேரின் போன் ஹேக் செய்யப்பட்டது’ என்று பலர் பகிர்ந்தார்கள். புலனாய்வுக் குழு அப்படிச் சொல்லவில்லை. சந்தேகத்துக்குரிய 67 போன்களை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் ஆய்வகம் சோதித்தது. 23 போன்களில் ஊடுருவல் உறுதியானது, 14-இல் முயற்சியின் தடயம் இருந்தது, மீதி 30-இல் முடிவு கிட்டவில்லை. 37 போன்களில் தடயம் என்பதே போதுமான அளவு பயங்கரம். அதை 50,000 ஆக்கியதால் மறுப்பவர்களுக்கு வேலை எளிதாகிவிட்டது. ‘முடிவு கிட்டவில்லை’ என்பதை ‘ஒன்றுமில்லை’ என்று படிப்பதும் இதே அளவு தவறு.

மறுப்புகளைப் படிக்கும் விதத்துக்கு 2013-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவில், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் எந்த வகைத் தரவையாவது அந்நாட்டு உளவு அமைப்பான என்எஸ்ஏ திரட்டுகிறதா என்று கேட்டபோது, தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் இல்லை என்றார், தெரிந்தே செய்வதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஜூனில் என்எஸ்ஏ-வுக்காக ஒப்பந்த ஊழியராக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வழியே வெளிவந்த நீதிமன்ற ஆணை, ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. அதிகாரபூர்வ மறுப்பு வந்தால் சான்று முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அதே ஆணை இன்னொன்றையும் காட்டுகிறது: அதில் இருந்தது யார் யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற விவரம்தான். பேச்சின் உள்ளடக்கம் அந்த ஆணையில் இல்லை. ‘எல்லா அழைப்புகளையும் கேட்டார்கள்’ என்று எழுதினால் அந்த ஆவணத்துக்கு அப்பால் போய்விடுகிறோம்.

நிறுவன மறுப்புகளில் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘தரவை விற்பதில்லை’ என்பது உண்மையாக இருக்கலாம். பகிர்கிறார்களா, அதை வைத்து விளம்பர இடத்தை விற்கிறார்களா என்பதற்கு அது பதிலாகாது. ‘செய்திகள் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில் உள்ளன’ என்பது (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும்படி பூட்டுவது) செய்தியின் உள்ளடக்கத்தைப் பற்றியது. யாருக்கு எப்போது அனுப்பினீர்கள் என்ற விவரமும், கிளவுடில் கிடக்கும் பேக்கப்பும் தனிக் கேள்விகள். வாட்ஸ்அப் பேக்கப்புக்கு அத்தகைய பூட்டு 2021-இல்தான் வந்தது, அதையும் செட்டிங்ஸில் நாமே இயக்க வேண்டும்.

தொலைதூர உளவுத்துறையை நினைத்து அஞ்சும் பலரிடம், போனைத் திறக்கும் பின் (PIN) எண் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு மூன்று பெயர்கள் வரும். தினசரி வாழ்க்கையில் கூடவே இருப்பவர்கள் செய்யும் இந்த வகைக் கண்காணிப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம், நாமே பார்த்து உறுதிசெய்யக்கூடியதும் இதுதான். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியில் உங்களுடையதல்லாத கணினி இருக்கிறதா? கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் தெரியாத சாதனம் இருக்கிறதா? கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு யாருக்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா? ஆண்ட்ராய்டில் டிவைஸ் அட்மின், அக்சஸிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன் அனுமதி ஆகிய மூன்று பட்டியல்களிலும் நீங்கள் நிறுவாத பெயர் ஏதாவது உண்டா? தீங்கான செயலிகளைத் தேடும் பிளே புரொடெக்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா? போன் சூடாவதும் பேட்டரி வேகமாகத் தீர்வதும் இவற்றுக்கு ஈடான சான்று இல்லை. பழைய பேட்டரியும் பலவீனமான சிக்னலும் அதையே செய்யும்.

ஏதாவது கண்ணில் பட்டால் உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் அந்தத் திரையை வேறொரு போனால் படமெடுத்து, தேதி நேரம் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். உளவுச் செயலியைப் போனில் வைத்தவர் வன்முறையில் இறங்கக்கூடிய துணைவராகவோ உறவினராகவோ இருந்தால், செயலி நீக்கப்பட்டது அவருக்கு உடனே தெரிந்துவிடும், ஆத்திரம் உங்கள்மேல் திரும்பும். அந்த நிலையில், அவர் கைபடாத வேறொரு போனிலிருந்து உதவி மையத்தையோ வழக்கறிஞரையோ தொடர்புகொண்டு, பாதுகாப்பான இடம் உறுதியான பிறகு நீக்குங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறு சாதனத்திலிருந்தே மாற்றுங்கள். கண்காணிக்கப்படும் போனில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் அவர் கைக்கே போய்ச் சேரும்.